அம்மாவின் பிறஷர் நல்லாத்தான் இருந்தது

2021 மாரி தொடங்கிய நேரம். அம்மா கிணற்றடியிலிருந்து அரை வாளி தண்ணீரோடு வந்து, அடுப்படிக்குப் போகாமல் திண்ணையில் குந்தி விடுவார். "என்னம்மா?" என்று கேட்டால் "ஒண்டுமில்லைப் பிள்ளை, இளைக்குது, கொஞ்சம் இருந்திட்டு எழும்புறன்" என்பார். 67 வயது, இளைக்காதா என்று நானும் விட்டுவிட்டேன். கார்த்திகை முடிவதற்குள் பின்னேரமானால் இரண்டு காலும் வீங்கத் தொடங்கின. விரலால் அமர்த்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இளைப்புத் தொடங்கியதிலிருந்து என்ன வருத்தம் என்று தெரிய நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதத்தில் அம்மாவின் பிறஷரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கில்லை. எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: பிறஷர் நல்லாத்தானே இருக்கு. 130/80. அது பொய்யும் இல்லை. கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிறஷர் அம்மாவுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஏறியிருந்தது நுரையீரலுக்குள் போகிற இரத்தக் குழாய்களின் பிறஷர். அது தனியாக ஏறும், கையில் பார்த்தால் தெரியாது என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கக்கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. இதயத்தின் இடது பக்கம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது, வலது பக்கம் பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது, ஆகவே வலது இதயவறையின் சுவர் மெல்லியது. சாதாரணதரப் பிள்ளைகளுக்கு இதைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கரும்பலகையில் படம் கீறிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வீட்டில் கால் வீங்கி இருக்கிற அம்மாவையும் அந்தப் படத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இன்று வரைக்கும் அது என்னை உறுத்துகிறது. தம்பி பிரான்சில். இங்கே நானும் அம்மாவும் மட்டும்தான். பாடசாலைக்குப் போகிற நேரம் பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்ப்பார். மற்றபடி ஆஸ்பத்திரி வரிசை, மருந்து வரிசை, இரவு முழிப்பு எல்லாம் ஒரு ஆள் வேலைதான்.

முதலில் முட்டு (ஆஸ்மா) என்றார்கள். இன்ஹேலர் கிடைத்தது, கொஞ்சம் சுகம் போலவும் இருந்தது. வீக்கம் போகாததால் கிட்னியாக இருக்கும் என்று தனியாரிடம் சனல் பண்ணிக் காட்டினேன். இரத்தம், சலம், ஸ்கான், தைரொயிட் எல்லாம் பார்த்தார்கள். வானுக்கும் பரிசோதனைக்கும் சனலுக்குமாக மாசி மாதத்துக்குள் 63,000 ரூபா போய்விட்டது. கிட்னி நல்லம். தைரொயிட் நல்லம். ஹீமோகுளோபின் 16.9 என்று வந்தபோது பரிசோதனை நிலையத்துப் பிள்ளை "அம்மாக்கு நல்ல இரத்தம்" என்று சொல்ல, நானும் சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வயதான, அளவாகச் சாப்பிடுகிற ஒரு பெண்ணுக்கு இரத்தம் இப்படிக் கூடி நின்றால் ஏன் என்று கேட்க வேண்டும். உடம்புக்கு ஒட்சிசன் போதாவிட்டால் சிறுநீரகம் ஒரு ஓமோனைச் சுரந்து, செங்குருதிக் கலங்களைக் கூடுதலாக உண்டாக்கச் சொல்லும். கிட்னியைப் பார்க்கப் போன இடத்தில் உண்மையான துப்பு எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. கொப்பிக்குள் வைத்து மூடிவிட்டோம்.

இன்னொரு துப்பை நாங்களே சொல்லாமல் விட்டோம். போகிற இடமெல்லாம் "சுருட்டு, பீடி, சிகரெட் பழக்கம்?" என்று கேட்பார்கள். இல்லை என்போம். கதை அதோடு முடிந்துவிடும். அப்பா இல்லாமல் போன பிறகு அம்மா நெல் அவித்து, காயவிட்டு, மில்லில் குத்தி, அரிசி விற்றுத்தான் எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கினார். விடிய நான்கு மணிக்கு அண்டாவுக்கு முன்னால் குந்தினால் வெயில் ஏறும் வரை புகைக்குள்தான். வீட்டுச் சமையலும் விறகில். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதி எரித்த நாட்கள் வேறு. சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் விறகுப் புகையால், நாட்பட்ட மூச்சடைப்பு நோய் அதே மாதிரி வரும். உங்கள் அம்மாவிடம், மாமியிடம் வைத்தியர் புகை பிடிப்பீர்களா என்று கேட்டால், இல்லை என்பதோடு நிற்காமல் இத்தனை வருடம் விறகடுப்பில் நின்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பு ரீபி (காசநோய்) வந்து மாறியிருந்தால் அதையும்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் அம்மாவின் உதடும் நகக்கண்ணும் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. அன்ரி வீட்டில் கொரோனா நேரம் வாங்கிய, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டுகிற ஒட்சிமீற்றர் ஒன்று கிடந்தது. விரலில் மாட்டினால் 82 காட்டியது. மெசின் பழுது என்று நினைத்து பற்றரியை மாற்றினேன். என் விரலில் 98. திரும்ப அம்மாவின் விரலில் 82. கிணற்றடி வரை மெல்ல நடத்திக் கூட்டிவந்து பார்த்தேன், 74. அந்த எண்ணைப் பார்த்தபோது என் கை நடுங்கியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நான்கு மாதமாகத் தேடியது, பக்கத்து வீட்டு அலுமாரிக்குள் கிடந்த ஒரு சின்னக் கருவியில் அரை நிமிடத்தில் தெரிந்தது.

சரி, அதைப் பார்க்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே பல முறை பிழையாகப் பார்த்தேன். ஐந்து நிமிடம் சும்மா இருக்க விட வேண்டும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகத்தில் கியூடெக்ஸ், மருதாணி இருந்தால் வேறு விரல். எண் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசிக்காமல், ஒரு நிமிடம் பொறுத்து, நிலைத்த பிறகு எழுத வேண்டும். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடவே காட்டக்கூடும் என்பதால், ஓரளவு நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது. இருக்கும்போது ஒரு தடவை, நடந்துவந்ததும் ஒரு தடவை என்று இரண்டையும் எழுதுங்கள். இருந்தால் நன்றாக இருந்து நடந்தால் விழுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கதிரையில் இருத்தி வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. வைத்தியர் வேறு அளவு சொல்லாதவருக்கு, சும்மா இருக்கும்போதே 92க்குக் கீழே நின்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். 88க்குக் கீழே என்றால் அந்த நிமிடமே வாகனம் பிடியுங்கள்.

அன்றிரவே வார்டில் சேர்த்து ஒட்சிசன் கொடுத்தார்கள். எக்ஸ்ரே, ஈசிஜி எடுத்த பிறகு எக்கோவுக்காக (இதயத்தை ஸ்கான் பண்ணிப் பார்க்கிற பரிசோதனை) யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். எக்கோ பார்த்த வைத்தியர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது பக்கம் வீங்கி, இடது பக்கத்தை நெருக்கிக்கொண்டு நின்றது. "ரீச்சர், சாதாரண ஆளுக்கு நுரையீரல் நாடியில 25க்கு 10 எண்ட அளவிலதான் பிறஷர் நிக்கும். அம்மாக்கு மேல் எண் 62 அளவில இருக்கு" என்றார். உடம்பில் 120 சாதாரணம். நுரையீரலில் 25 நிற்க வேண்டிய இடத்தில் 62 என்றால் இரண்டு மடங்குக்கு மேல். மெல்லிய சுவர் உள்ள வலது இதயவறை இதை எதிர்த்துத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போய், தனக்குப் பின்னால் வந்து சேரும் இரத்தத்தை முன்னுக்கு அனுப்ப முடியாமல் நிற்க, அந்தத் தேக்கம்தான் காலில் வீக்கமாக இறங்கியிருக்கிறது. நான் கீறிய படம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏன் ஏறியது என்று கேட்டேன். அவர் இரணைமடுக் குளத்துத் துருசை, அதாவது தண்ணீரைத் திறந்து பூட்டுகிற மதகை வைத்து விளங்கப்படுத்தினார். அவரும் வன்னிக்காரர். வாய்க்கால் தண்ணீர் எல்லா வயலுக்கும் பிரிந்து போகிறது. ஒரு வயல் தரிசாகக் கிடந்தால் அந்தப் பக்கத்துத் துருசைப் பூட்டிவிடுவோம், தண்ணீர் பயிர் நிற்கிற வயலுக்குப் போகட்டும் என்று. நுரையீரலும் அதைத்தான் செய்கிறது. ஒரு பகுதிக் காற்றுப்பைகளில் ஒட்சிசன் குறைந்தால் அங்கே போகிற சிறு நாடிகள் ஒரு சில நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். இரத்தம் காற்றுள்ள பகுதிக்குத் திரும்பும். ஒரு துண்டு நுரையீரலில் சளி அடைத்தால் இது பெரிய உதவி. ஆனால் விறகுப் புகையால் பழுதான அம்மாவின் நுரையீரலில் முழுக்கவே காற்றுக் குறைவு. எல்லா வயலும் தரிசு என்று எல்லாத் துருசையும் பூட்டினால் வாய்க்கால் என்ன பாடுபடும்? தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, போக வழியில்லை. அதுதான் அந்த 62.

வீட்டுக்கு வந்த பிறகு இதைத் தேடித் தேடி வாசித்தேன். உடம்பின் மற்ற இடங்களில் ஒட்சிசன் குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும், கூடுதல் இரத்தம் வரட்டும் என்று. நுரையீரல் மட்டும் நேர்மாறாகச் சுருங்குகிறது. 1946இல் சுவீடனில் வொன் ஒய்லர், லிலியெஸ்ட்ராண்ட் என்ற இருவர் பூனைகளுக்கு ஒட்சிசன் குறைந்த காற்றைக் கொடுத்து, நுரையீரல் நாடியில் பிறஷர் ஏறுவதை அளந்து எழுதியிருக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் நுரையீரல் நாடிகள் இப்படித்தான் இறுகிக் கிடக்கின்றன. பிறந்து முதல் மூச்சை இழுத்து ஒட்சிசன் உள்ளே போகும்போதுதான் அவை திறந்து விரிகின்றன. இதை வாசித்த இரவு, பிள்ளை பிறந்ததும் அழவில்லை என்றால் ஏன் எல்லோரும் பதறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தேன். அம்மாவின் விசயத்தில் முக்கியமானது இதுதான்: சுருங்கியது சில நாள் கதை என்றால் ஒட்சிசன் கொடுத்ததும் திரும்ப விரியும். வருடக்கணக்காகச் சுருங்கியே கிடந்தால் நாடிச் சுவரில் தசை தடித்து உள்வழி ஒடுங்கிவிடும். பிறகு ஒட்சிசன் கொடுத்தாலும் முழுதாக இளகாது. அதனால்தான் அந்த நான்கு மாதத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

எக்கோவில் வருவது கணக்கிட்டு எடுக்கிற எண். மிகச் சரியாக அளப்பதென்றால் வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் நுரையீரலில் இரத்தக்கட்டி, இடது பக்க வால்வுப் பழுது, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவற்றாலும் இந்தப் பிறஷர் ஏறும். வைத்தியமும் வேறு வேறு. ஆகவே "நுரையீரல் பிறஷர்" என்று பெயர் சொன்னதும் திரும்பி வராமல், எதனால் என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

மணிக்கட்டில் ஊசி போட்டு இரத்த வாயு பார்த்துவிட்டு, வீட்டிலும் ஒட்சிசன் வேண்டும் என்றார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணித்தியாலம். நான் முதலில் இளைக்கும்போது மட்டும் பிடித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிப் பிடித்தால் இந்த நோய்க்குப் பெரிய பலன் இல்லையாம். 1980, 1981இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வந்த இரண்டு ஆய்வுகளில் நீண்ட நேரம், இரவும் சேர்த்துப் பிடித்தவர்கள்தான் கூடுதலாக உயிர் வாழ்ந்திருக்கிறார்கள். காற்றிலிருந்து நைதரசனைப் பிரித்து ஒட்சிசனைச் செறிவாக்கித் தருகிற 5 லீற்றர் மெசினை மாதம் 18,000 ரூபாவுக்கு வாடகைக்கு எடுத்தேன். வாங்குவதற்கு அவசரப்படாதீர்கள். சளிக்காய்ச்சலோடு பார்த்த எண் ஆறி வரும்போது மாறும். இரண்டு மூன்று மாதத்தின் பின் திரும்பப் பார்த்துத்தான் நிரந்தரமாக வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கரண்ட் செலவையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். எங்கள் மெசின் 350 வாற்று. 15 மணித்தியாலத்துக்கு ஐந்தே கால் யுனிற், மாதத்துக்கு 157 யுனிற் அளவில் கூடும். அப்புறம் பின்பக்க வடிகட்டியை வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். எங்கள் ஊர்த் தூசிக்கு நான்கு நாளிலேயே சாம்பல் பூத்துவிடும்.

அம்மா வீட்டுக்கு வந்தது 2022 பங்குனி (மார்ச்) நடுப்பகுதியில். இலங்கையே பொருளாதார நெருக்கடியில் திணறிய அந்தப் பங்குனி எப்படி இருந்தது என்று இங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கரண்ட் ஐந்து மணித்தியாலம், ஏழு மணித்தியாலம் என்று நின்றது. பதற்றத்தில், ஒருவர் சொன்னதை நம்பி இன்வேர்ட்டரும் 100 அம்பியர் பற்றரியும் 115,000 ரூபாவுக்கு வாங்கினேன். காப்புச் சங்கிலி அடகுக்குப் போனது. "இரவு முழுக்க ஓடும்" என்றார். ஒன்றரை மணித்தியாலத்தில் கத்தத் தொடங்கியது. விஞ்ஞான ஆசிரியை நான் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 12 வோல்ட்டை 100ஆல் பெருக்கினால் 1,200 வாற்று மணி. பற்றரி பழுதாகாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, 600. மெசின் 350 கேட்கிறது. ஆக இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. பயத்தில் கணக்கு வரவில்லை. கரண்ட் இல்லாத நேரத்துக்குச் சரியானது சிலிண்டர்தான். அதன் கணக்கும் எளிது. உள்ளே இருக்கிற லீற்றரை நிமிடத்துக்குப் போகிற லீற்றரால் பிரித்தால் எத்தனை நிமிடம் என்று வரும். 1,500 லீற்றர் சிலிண்டர் நிமிடத்துக்கு 1 லீற்றர் வீதம் 25 மணித்தியாலம் தரும். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை என்று அறிவித்தபோது என்னிடம் நிரப்பிய சிலிண்டர் இல்லை. அரிசி மில்லில் ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. கடைசியில் இரண்டு லீற்றர் பெற்றோலை ஒளித்து வைத்திருந்த ஒரு ஓட்டோக்காரத் தம்பிதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார். காசு வாங்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் செய்யாமல் இருக்க எழுத வேண்டும். சித்திரையில் ஒரு இரவு அம்மாவுக்கு எண் 87இல் நின்றது. வைத்தியர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 1 லீற்றர், எண் 88க்கும் 92க்கும் இடையில் நின்றால் போதும். நான் பயத்தில் 4க்குத் திருகிவிட்டேன். எண் 97க்கு ஏறியது. அம்மா அமைதியாக நித்திரையாகிவிட்டார், எனக்கும் பெரிய நிம்மதி. விடிய எழுப்பினால் எழும்பவில்லை. கண்ணைத் திறந்து ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார், தலையிடி என்றார், திரும்பவும் கண் சொருகியது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறிவிட்டது என்றார்கள். வைத்தியர் ஏசவில்லை. "பழுதான பக்கத்துக்குப் பூட்டியிருந்த துருசையெல்லாம் நீங்கள் திறந்து விட்டீங்கள் ரீச்சர். இரத்தம் காற்றுப் போய்வராத இடத்துக்குப் போனால் காபனீரொட்சைட்டு வெளியே வராது" என்றார். வேறு காரணங்களும் சேர்ந்துதான் இது நடக்குமாம், ஆனால் எனக்கு விளங்கியது இதுதான். ஒட்சிசன் ஒரு மருந்து. விரலில் மாட்டுகிற கருவி காபனீரொட்சைட்டைக் காட்டாது. எண் 97 என்று இருக்க, ஆள் மயங்கிக்கொண்டு போகலாம். இந்த நோய்க்காரருக்கு அசாதாரண நித்திரை, காலைத் தலையிடி, குழறல் வந்தால் உடனே கொண்டு போங்கள். எண் விழுந்தால் திருகாதீர்கள், வைத்தியசாலைக்கு அழையுங்கள்.

தம்பியும் தன் பங்குக்குப் பதறினான். சில்டெனாஃபில் குளிசை நுரையீரல் பிறஷரைக் குறைக்குமாம், அனுப்பட்டா என்று கேட்டான். வேறு வகை நுரையீரல் பிறஷருக்கு அது உண்மையிலேயே மருந்துதான். ஆனால் நுரையீரல் பழுதால், ஒட்சிசன் குறைவால் வந்ததற்கு அது தோதாக இருக்காது என்றார் வைத்தியர். இறுகின நாடிகளை எல்லா இடத்திலும் ஒன்றாகத் தளர்த்திவிட்டால் இரத்தம் காற்றில்லாத இடத்துக்கும் ஓடி, ஒட்சிசன் இன்னும் விழக்கூடும். தம்பிக்கு அதைப் போனில் விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் எடுத்தது. வெளிநாட்டில் இருந்து அன்போடு வருகிற குளிசைப் பொதியையும் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள்.

அம்மாவைப் புகையிலிருந்து காப்பாற்ற வேண்டிய அதே மாதங்களில்தான் காஸ் இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வெளியே, காற்று வளம் பார்த்துப் பின் வேலியோரம் ஒரு கொட்டில் போட்டு அங்கே சமைத்தேன். அம்மாவைக் கிட்ட வரவே விடவில்லை. அவருக்கு அதுதான் மூக்கில் குழாய் மாட்டியதைவிடப் பெரிய துக்கம். "நான் இருக்க நீ அடுப்பூதுறியா" என்று அழுதார். மெசின் ஓடும்போது நெருப்பு அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஒட்சிசன் ஊறிய துணியும் பாயும் ஒரு பொறியில் பற்றிவிடும். மூக்கு காய்ந்தால் எண்ணெய், வசிலின் பூசக்கூடாது. தண்ணீர் சார்ந்த பூச்சுத்தான்.

தம்பி அம்மாவைப் பிரான்சுக்குக் கூப்பிட வேண்டும் என்று இப்போதும் சொல்கிறான். பறக்கிற விமானத்துக்குள் காற்று 1,800 முதல் 2,400 மீற்றர் உயர மலையில் நிற்கிற மாதிரி மெலிந்திருக்கும். எங்களுக்கு ஒன்றும் செய்யாது. அம்மாவுக்குத் துருசு எல்லாம் இன்னொரு தரம் இறுகும். ஏறுவதென்றால் முன்கூட்டியே பரிசோதித்து, வழியில் ஒட்சிசனுக்கு ஒழுங்கு செய்து போக வேண்டும். அம்மாவுக்கு விருப்பமும் இல்லை.

புரட்டாசியில் எடுத்த எக்கோவில் எண் 62 இலிருந்து 49க்கு வந்திருந்தது. குறைந்தது இறுக்கம், மிச்சம் நிற்பது தடித்த சுவர், அது அப்படியே இருக்கும் என்றார்கள். கால் வீக்கம் குளிசையோடு அடங்கியிருக்கிறது. குழாயை 10 மீற்றருக்கு நீட்டிக் கொடுத்ததால் திண்ணை வரை வந்து இருக்கிறார். பின்னேரம் ஆறு மணிக்கு நான் மெசினை நிற்பாட்டி, குழாயைக் கழற்றி, கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்பேன். அதற்குப் பிறகு அம்மா முற்றத்துக்கு இறங்கி வைரவருக்கு விளக்கு வைப்பார். அந்தக் கால் மணித்தியாலம் அவருடைய நேரம். விளக்கை அங்கேயே விட்டு உள்ளே வந்ததும் திரும்ப மாட்டி, எண்ணைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். நேற்று 90.